75 வாட்டும் 575 வாட்டும்

டிஸ்கி: கேம் ஆடுறவங்களைத் திட்டுற பதிவு இல்லை இது. நானும் ஆடுறவன்தான். காசு இருக்கறவங்க கார்டு வாங்கறதைப் பார்த்து வயிறு எரியற பதிவும் இல்லை (கொஞ்சம் எரியுதுதான், அதைத் தனியா வச்சுக்குவோம் :-)).

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். பழைய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு, புதுசு ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, பழசுக்கு ஒரு குட்டிக் கோடு, புதுசுக்கு ஒரு நீளக் கோடு போட்டு, "இன்னுமா இதை வச்சிக்கிட்டு இருக்கீங்க?"ன்னு கேக்குறாங்களே, அந்த ஒப்பீடு. தமிழ்லயும் இப்ப இது நிறைய வருது. குட்டிக் கோட்டுக்குப் பெரும்பாலும் மாட்டறது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. நீளக் கோட்டுக்கு ஆர்டிஎக்ஸ் 5090. நான் 2017-லேர்ந்து 1050 டிஐ வச்சிருக்கறவன். இவ்வளவு நாளும் சிரிச்சிட்டுப் போயிடுவேன். ஆனா அந்தக் கோடு கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலைக்கு அந்தாண்ட இருக்கற ஒரு வீட்டுல ஒரு அம்மாவோட நகையில கை வைக்கப் பார்த்துச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கைப் பேசிடுவோம். அதுல நான் தோக்கறேன், தோத்துட்டே ஆரம்பிக்கிறேன்.

1050 டிஐ வந்தது 2016 அக்டோபர்ல. அமெரிக்க விலை 139 டாலர். 768 கோர், 4 ஜிபி மெமரி, நொடிக்கு 112 ஜிபி வேகத்துல டேட்டா போய் வரும். 5090 வந்தது 2025 ஜனவரி கடைசியில. 1,999 டாலர், இந்தியாவுக்கு அறிவிச்ச ஆரம்ப விலை 2,14,000 ரூபாய். 21,760 கோர், 32 ஜிபி மெமரி, நொடிக்கு 1,792 ஜிபி. அதுல 330 கோடி டிரான்சிஸ்டர், இதுல 9,220 கோடி. காகிதத்துல அது நொடிக்கு 2 லட்சம் கோடி கணக்கு போட்டா, இது 105 லட்சம் கோடி போடும். ஏறக்குறைய 50 மடங்கு. விலையோ 14 மடங்குதான். கரண்டு 75 வாட்டுக்கு 575 வாட், 8 மடங்கு கூட இல்லை.

அதாவது, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேலைன்னு பார்த்தாலும் சரி, ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலைன்னு பார்த்தாலும் சரி, புதுசுதான் சிக்கனம். கோடு போடுறவங்க பொய் சொல்லலை. இதை மறைச்சிட்டு "பழசே பொன்"னு எழுதினா நான் ரசிகர் மன்றத்துல சேர வேண்டியதுதான்.

சரி. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற லாரியைப் பார்த்திருக்கீங்களா? ஒரு டன்னுக்கு என்ன டீசல் ஆகுதுன்னு கணக்குப் போட்டா என் டிவிஎஸ் 50 அது பக்கத்துல நிக்க முடியாது. அதுக்காகப் பொங்கலுக்கு ரெண்டு கட்டு கரும்பு வாங்க லாரியை எடுத்துக்கிட்டா போவோம்? லாரி சிக்கனம் ஆகணும்னா அது ரொம்பணும். 5090 சிக்கனம் ஆகணும்னா அதுவும் ரொம்பணும். எங்க ஊர்ல அதை ரொப்பற அளவுக்கு வேலை யார்கிட்ட இருக்கு? அதுதான் கேள்வி. அதை அந்தக் கோடு கேக்கவே கேக்காது.

இன்னொண்ணையும் கேக்காது. அந்தக் கோட்டை வரைஞ்ச ரூம்ல கரண்ட் போகாது!

இங்க வந்து பாருங்க. கள்ளக்குறிச்சியிலயே பரவாயில்லை. 2012 மாதிரி இல்ல இப்ப. அந்த வருஷம் பகல்ல பாதி கரண்ட் இல்லாம ஸ்டுடியோக்காரங்க ராத்திரி உக்காந்து ஆல்பம் டிசைன் பண்ணினாங்க. இப்ப டவுன்ல அந்தக் கொடுமை இல்லை. ஆனா கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறிட்டீங்கன்னா கதை வேற. காத்து மழைன்னா ஒரு மரக்கிளை போதும். லைன் எப்ப வரும்னு யாரும் கடிகாரம் பார்க்க மாட்டாங்க.

மதர்போர்டுல கார்டு சொருகற ஸ்லாட் இருக்கே, அது தர்ற அதிகபட்ச பவர் 75 வாட். 1050 டிஐயை அந்த 75-க்குள்ளயே அடங்கற மாதிரி செஞ்சாங்க. அதனால பெரும்பாலான 1050 டிஐக்குத் தனியா ஒரு பவர் ஒயர் கூட வேண்டாம். சொருகு, மானிட்டரை மாட்டு, முடிஞ்சுது. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட டெல் பொட்டி ஒண்ணு, உள்ள 240 இல்லன்னா 290 வாட் எஸ்எம்பிஎஸ், தனிக் கார்டுக்குன்னு ஒரு பின் கூட இருக்காது. அந்த மாதிரிப் பொட்டியிலயும் ஓடும். நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்ச நாலு ஸ்டுடியோ, கதவுல சாமி உருவம் செதுக்கற ஒரு சி.என்.சி. பட்டறை, ரெண்டு டிடிபி கடை எல்லாம் அப்படித்தான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சுதுன்னு பெருமையாப் பேசறோமே, அந்த மர வேலை ஊர்ல கம்ப்யூட்டர்ங்கறது இந்த லட்சணத்துலதான் இருக்கு. இதைக் கேவலமா சொல்லலை. வேலை நடக்குது.

5090-க்கு என்விடியா சொல்ற எஸ்எம்பிஎஸ் 1000 வாட். சரி, வாங்கிட்டீங்க. கடையில கிடைக்கிற 600 விஏ யுபிஎஸ்-ங்கறது உண்மையில 360 வாட்டுதான். கார்டு மட்டுமே அதைத் தின்னுட்டு இன்னும் கொண்டாங்கும். வீட்டு இன்வர்ட்டர்? எங்க பக்கம் வழக்கமா 900 விஏ இன்வர்ட்டர், 150 ஏஹெச் பேட்டரி ஒண்ணு. பொட்டி முழு மூச்சுல ஓடினா கார்டு, பிராசஸர், மத்ததெல்லாம் சேர்த்து 750, 800 வாட். இன்வர்ட்டர் கூவிட்டு கட் ஆயிடும். என் பொட்டி மானிட்டரோட சேர்த்து 200 வாட்டுக்குள்ள. அதே இன்வர்ட்டர்ல ஃபேனும் லைட்டும் போக சில மணி நேரம் ஓட்டுவேன்.

ஈ.பி. பில்லு? கார்டை மட்டும் எடுத்துக்கங்க. தினம் ஆறு மணி நேரம் முழு லோடு, ரெண்டு மாசம். 1050 டிஐ 27 யூனிட். 5090-ன்னா 207 யூனிட். (முழு லோடுலயே எப்பவும் ஓடாது, தெரியும். சும்மா இருக்கறதுக்கா ரெண்டு லட்சம் குடுத்தீங்க?) 2025 நிலவரப்படி வீட்டுக்கு இலவசமா தந்தது ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட். ஒரு கார்டே அதைப் போல ரெண்டு மடங்கு.

கரண்ட் பத்திப் பேசிட்டு அந்த 16 பின் பவர் ஒயரை விட முடியாது. 2022 அக்டோபர்ல 4090-ல உருகிச்சுன்னு படத்தோட புகார் வந்துச்சு. திருத்தம் பண்ணி 2025-ல 5090 வந்தப்ப, ஒரு மாசம் ஆகலை, மறுபடி புகார். லட்சத்துல ஒண்ணோ என்னவோ, இருக்கட்டும். அந்த ஒண்ணு வெள்ளிமலையில ஆச்சுன்னா கார்டைத் தூக்கிட்டு எங்க போறது? பக்கத்து டவுன் கடைக்காரர் "சென்னைக்கு அனுப்பணும் சார்"ம்பார். அப்புறம் நம்ம வேலை தினம் ஒரு போன்.

சரி, பையன் கதைக்கு வரேன்.

தூரத்துப் பழக்கம். கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டுன்னு வீடியோ எடுக்கறான். மலையில எடுக்கறான், கீழ சங்கராபுரம் கச்சிராயபாளையம் பக்கமும் வந்து எடுக்கறான். 1976-ல அரசாங்கம் எடுத்துக்கற வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்த மலை அது. இன்னிக்கும் அங்கேர்ந்து எத்தனையோ பேர் கூலி வேலைக்கு வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் போறாங்க. அந்த ஊர்ல ஒருத்தன் சொந்தமா கேமரா வச்சிக்கிட்டு, சொந்தமா எடிட் பண்ணி, நாலு காசு பார்க்கறான்னா அது சாதாரணம் இல்லை. பழைய கேமராவைக் குடுத்துட்டு, மேல கொஞ்சம் போட்டு, சோனி எஃப்எக்ஸ்30 வாங்கினான். வாங்கின வாரமே பிரச்சினை. 4கே கிளிப்பை ப்ரீமியர்ல போட்டா நகரவே மாட்டேங்குது. மாப்பிள்ளை தாலி கட்டக் கை தூக்கறார், அப்படியே நிக்கறார். பொண்ணு தலை குனிஞ்சது குனிஞ்சபடி. அஞ்சு செகண்ட் கழிச்சு ரெண்டு பேரும் தாலியோட எந்திரிச்சுடறாங்க.

பொட்டி ஒண்ணும் மோசமில்லை. ஐ5-12400, 16 ஜிபி ராம், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 1050 டிஐ. எங்கியோ ஒரு கடையில கேட்டிருக்கான். "கார்டு ரொம்பப் பழசு தம்பி, 5090 போடு, இனிமே பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்"னு சொல்லி, எஸ்எம்பிஎஸ், கேபினட், மதர்போர்டு எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்கு மேல ஒரு கொட்டேஷன் போட்டுக் குடுத்திருக்காங்க. கூடவே அந்தக் குட்டிக் கோடு, நீளக் கோடு வீடியோவும் காட்டியிருக்காங்க. பாதிக்கு ஃபைனான்ஸ், மீதிக்கு அம்மா நகை. நகையை அடகு வைக்கற அன்னிக்குக் கள்ளக்குறிச்சி வந்தவன், சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு என்கிட்ட வந்தான்.

"அண்ணா, உங்க கார்டும் இதுதானே? உங்களுக்கு மட்டும் எப்படி ஓடுது?"

நான் பெரிய இவனாட்டம், "கார்டெல்லாம் காரணமே இல்லப்பா, குடு இங்க"ன்னு அவன் கிளிப்பை வாங்கி என் பொட்டியில போட்டேன். என் பொட்டியிலயும் மாப்பிள்ளை கை தூக்கினபடியே நின்னார். அவ்வ்வ்வ்.

உக்காந்து தேடினேன். அன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணி ஆச்சு. விஷயம் இதுதான். எஃப்எக்ஸ்30 அவன் வச்சிருந்த செட்டிங்ல 10 பிட், 4:2:2, ஹெச்.265-ன்னு ஒரு முறையில பதியுது. 4:2:2-ன்னா நிறத் தகவலைச் சாதாரண வீடியோவைவிட ரெண்டு மடங்கு வச்சிருக்கும். கலர் கரெக்ஷனுக்கு நல்லது. இந்த முறையில சுருக்கின வீடியோவைப் பிரிச்சுக் காட்ட கார்டுக்குள்ள தனியா ஒரு சர்க்யூட் வேணும். கோரு எத்தனை ஆயிரம்ங்கறது அதுக்குச் சம்பந்தமே இல்லை. அந்த சர்க்யூட்டுக்கு 4:2:2 தெரிஞ்சா தெரியும், தெரியலைன்னா தெரியாது.

1050 டிஐக்குத் தெரியாது. ஒத்துக்கறேன். 2016 சரக்கு.

ஆனா 4090-க்கும் தெரியாது!!! 2022-ல 1,55,000 ரூபாய்க்கு இந்தியாவுல இறக்கினாங்களே, 16,384 கோர், 450 வாட், அந்த 4090. அதுக்கும் 4:2:2 பிரிக்கத் தெரியாது. என்விடியா அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்ததே 2025-ல வந்த 50 வரிசைக்குத்தான். அப்படின்னா கடைக்காரர் சொன்ன 5090 சரிதானேங்கறீங்களா? சரிதான், குருட்டாம்போக்குல. அந்த வரிசையில அடிமட்டத்துல இருக்கற 249 டாலர் 5050-லயும் அதே தலைமுறை சர்க்யூட்தான் இருக்கு. 5090-ல அது எண்ணிக்கையில கூட. அவ்வளவுதான் வித்தியாசம், இவன் வேலைக்கு.

இது கூட பெரிசில்லை. இன்டெல் பிராசஸருக்குள்ளயே ஒரு குட்டி கிராபிக்ஸ் இருக்குமே, தனிக் கார்டு வாங்கினதும் நாம மறந்துடுவோமே, அதுக்கு 11-வது தலைமுறையிலேர்ந்தே, அதாவது 2021 டெஸ்க்டாப்புலேர்ந்தே, இந்த ஹெச்.265 4:2:2 தெரியும். பையனோட 12400 பன்னிரண்டாவது தலைமுறை. பேருக்குப் பின்னாடி "எஃப்" இல்லை, அதனால உள்ள கிராபிக்ஸ் இருக்கு. தனிக் கார்டு சொருகினதால பயாஸ் அதைத் தூங்க வச்சிருக்கு. ஒன்றரை லட்ச ரூபாய் கார்டுக்குத் தெரியாத வேலை, அவன் ஏற்கெனவே காசு குடுத்து வாங்கின பிராசஸருக்குள்ள குறட்டை விட்டுக்கிட்டு இருந்திருக்கு.

மறுநாள் காலையில அவனை போன்ல வச்சுக்கிட்டே பயாஸ்ல எழுப்பி விட்டோம், இன்டெல் டிரைவர் போட்டோம், ப்ரீமியர் செட்டிங்ல ஒரு டிக். (சொல்றதுக்கு ஒரு வரி. செய்யறதுக்கு மூணு தடவை சிக்னல் கட் ஆகி ரெண்டு மணி நேரம். வெள்ளிமலைக்கு அந்தாண்ட அப்படித்தான்.) மாப்பிள்ளை தாலி கட்டிட்டார்.

நாலு லட்சம் எங்க, ஒரு டிக் எங்க.

இப்ப சொல்லுங்க, அந்தக் குட்டிக் கோடு நீளக் கோடு ஒப்பீட்டுல இந்த விஷயம் எந்தக் கோட்டுல இருந்துச்சு? 4கே-ல சைபர்பங்க் எத்தனை ஃப்ரேம் ஓடுதுன்னு இருந்துச்சு. இவன்கிட்ட இருக்கறது 1080பி மானிட்டர். இவன் கஸ்டமர் கேக்கறது பென்டிரைவ்ல டிவியில போட்டுப் பார்க்கற 1080பி படம். ஒப்பிடறவங்க கேம் ஆடறவங்களுக்காக ஒப்பிடறாங்க, தப்பில்லை. அதை "பழசு எதுக்குமே லாயக்கில்லை"ன்னு பொதுவா எழுதறப்பதான் தப்பு ஆரம்பிக்குது. எழுதறவர் சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ உக்காந்து எழுதிடறார். படிக்கறவன் அதை வச்சு நகைக்கடன் வாங்கறான்.

"நீ சொல்றது எடிட்டிங். கேம்ல என்ன பண்ணுவே?"ன்னு கேப்பீங்க. ஒண்ணும் பண்ண முடியாது. புது கேம் நிறையத்துக்கு 4 ஜிபி பத்தாது. ரே டிரேசிங் கட்டாயம்னு வர்ற கேம் 1050 டிஐயில திறக்கக் கூட செய்யாது. ஆனா ஒரு வேடிக்கை சொல்றேன். 50 வரிசையில 32 பிட் கூடா-வைத் தூக்கிட்டாங்க. அதனால பிஸ்எக்ஸ் போட்ட பழைய கேம்கள், பார்டர்லேண்ட்ஸ் 2, மிரர்ஸ் எட்ஜ் மாதிரி, 5090-ல மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ரெண்டு லட்ச ரூபாய் கார்டு வச்சிருந்தவங்க ரெண்டாவது ஸ்லாட்ல ஒரு பழைய கார்டைச் சொருகி அந்த கேமை ஓட்டினாங்க. 2025 டிசம்பர் டிரைவர்லதான் சில கேமுக்கு மட்டும் அதைத் திருப்பிக் குடுத்தாங்க. பத்து மாசம், சாமி.

அப்புறம் வீட்டுலயே ஏஐ மாதிரிகளை ஓட்டறவங்க, பிளெண்டர்ல நாள் பூரா ரெண்டர் போடறவங்க, அவங்களுக்கு 32 ஜிபி தேவைதான். நம்ம நண்பர்கள்ல தமிழ்ப் பேச்சை எழுத்தா மாத்தறது, பழைய புத்தகத்தை எழுத்துணரியில போடறதுன்னு உருப்படியா வேலை செய்யறவங்க இருக்காங்க. அவங்க 5090 வாங்கினா நான் மாலை போடறேன். அவங்ககிட்ட லாரி ரொம்பற அளவு கரும்பு இருக்கு.

என் உண்மையான கோபம் ஒப்பிடறவங்க மேல கூட இல்லை. அந்த 75 வாட் வீட்டையே காலி பண்ணிட்டாங்களே, அது மேல.

2016-ல 1050-ன்னு 109 டாலருக்கு ஒண்ணு, 1050 டிஐ-ன்னு 139-க்கு ஒண்ணு. 2019-ல 149 டாலருக்கு 1650. எல்லாம் 75 வாட். அப்புறம்? 2024 பிப்ரவரியில 169 டாலருக்கு ஆர்டிஎக்ஸ் 3050-ஐ 6 ஜிபியாக் குறைச்சு, 70 வாட்டுல விட்டாங்க. அதுவும் பழைய தலைமுறைச் சில்லை வச்சு. 40 வரிசையிலயும் சரி, 50 வரிசையிலயும் சரி, பவர் ஒயர் இல்லாம சொருகற மாதிரி டெஸ்க்டாப்புக்கு ஒரு ஜிஃபோர்ஸ் கார்டு கூட என்விடியா வரிசையில வரலை. 5050-யே 130 வாட். டேட்டா சென்டர்ல கொட்டற பணத்துக்கு முன்னாடி 139 டாலர் கார்டு அவங்களுக்குக் கால் தூசு. புரியுது. அது அவங்க வியாபாரம். ஆனா அதே கம்பெனி 2021 தொடக்கத்துல என்ன பண்ணுச்சு தெரியுமா? கொரோனா, மைனிங்னு மார்க்கெட்ல கார்டே கிடைக்காத நேரம். அஞ்சு வயசான 1050 டிஐயைத் தூசி தட்டி மறுபடி கடைக்கு அனுப்பினாங்க. ஏன் அது? 2020 டிசம்பர் கடைசியில எதேரியம் மைனிங்குக்கு 4 ஜிபி மெமரி பத்தாமப் போச்சு. அதனால மைனிங் ஆளுங்களுக்கு 1050 டிஐ வேண்டாம். நமக்குக் கிடைச்சுது. எல்லாரும் கிண்டல் பண்ற அந்த 4 ஜிபிதான் அன்னிக்கு ஏழைங்களுக்குக் கார்டை மிச்சம் வச்சுது. ஆபத்துக்கு உதவின கார்டு அது.

அந்தக் கார்டுக்கு 2025 அக்டோபரோட புது டிரைவர் கிடையாதுன்னுட்டாங்க. 2028 அக்டோபர் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்யூரிட்டி ஒட்டு மட்டும். அதே 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் மங்களம் பாடினாங்க. நான் மேல சொன்ன கழிச்சுப் போட்ட டெல் பொட்டிங்களுக்கு முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது, இன்டெல்லுன்னா எட்டாவது தலைமுறை பிராசஸர் வேணும்பாங்க. ஆக ஒரே மாசத்துல பொட்டியும் போச்சு, கார்டும் போச்சு. ரெண்டும் கெட்டுப் போகலை. நல்லா ஓடிட்டிருக்கற ரெண்டையும் உக்காந்த எடத்துலேர்ந்து கெடுத்தாங்க. லினக்ஸுக்குப் போலாமேன்னா, என்விடியாவோட 590 வரிசை டிரைவர்லேர்ந்து அங்கயும் நம்ம கார்டு அவுட். 580-லயே நின்னுக்கணும்.

இதைப் பத்தித் தமிழ்ல எத்தனை பேர் எழுதினாங்க? 5090 பெட்டியைப் பிரிக்கற படம் எத்தனை வந்துச்சு? பெட்டி பிரிக்கறது பார்க்க நல்லாத்தான் இருக்கு, நானும் பார்த்தேன். ஆனா நம்ம கையில இருக்கற பொட்டி செத்துக்கிட்டு இருக்கறதைச் சொல்ல ஒரு ஆள் வேணாமா? "பழசைத் தூக்கிப் போடு"ன்னு கம்பெனி சொல்றது அவங்க பொழப்பு. அவங்க சம்பளம் குடுக்காம நாமளும் ஏன் அதையே சொல்லிக்கிட்டு இருக்கோம்?

புது கார்டு வாங்கற ஐடியா குடுக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டுட்டுக் குடுங்கப்பா. என்ன மானிட்டர், என்ன எஸ்எம்பிஎஸ், கரண்ட் போனா என்ன பண்ணுவான், எந்த சாஃப்ட்வேர்ல எந்த வேலை நிக்குது. அதுக்கப்புறம் 5090-ன்னு பதில் வந்தா தாராளமா சொல்லுங்க.

பையன் நகையை வைக்கலை. ஆனா செலவு வைக்காம விடலை நான். அவன் பொட்டியைப் பார்க்க மலை ஏறிப் போனப்பதான் தெரிஞ்சுது, ஏறக்குறைய நாப்பது கல்யாணம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு. காப்பி கிடையாது. யுபிஎஸ் கிடையாது. கரண்ட் போனா டப்புன்னு நிக்கும். அதுக்கு மேல ஒரு 5090-ஐ வைக்கப் பார்த்திருக்காங்க பாவிங்க. ரெண்டு டிஸ்க், ஒரு 600 விஏ யுபிஎஸ் வாங்க வச்சேன். நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா 4 ஜிபி பத்தலைங்கறான், நிஜம்தான். சீசன் முடிஞ்சு கையில காசு இருந்தா 5050-ஓ 5060-ஓ பார்க்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். 2025 கடைசியிலேர்ந்து மெமரி விலை ஏறினதுல அது எங்க போய் நிக்குமோ. அது வரைக்கும் அந்த 1050 டிஐ அங்கதான் இருக்கும்.

பி.கு. 1: இதே பிரச்சினை உள்ளவங்களுக்கு. இன்டெல் 11-வது தலைமுறையும் அதுக்கு மேலயும், பேருல "எஃப்" இல்லாத பிராசஸரா இருக்கணும். பயாஸ்ல உள்கிராபிக்ஸை "ஆட்டோ"ங்கறதுலேர்ந்து "எனேபிள்"க்கு மாத்துங்க, மதர்போர்டுக்கு மதர்போர்டு பேரு மாறும். அப்புறம் ப்ரீமியர்ல பிரிஃபரன்சஸ், மீடியா, அங்க ஹார்டுவேர் டீகோடிங்ல இன்டெல்லை டிக் பண்ணிட்டு ப்ரீமியரை மூடித் திறங்க. கேமராவுல ஹெச்.264-ல 4:2:2 எடுத்திருந்தா இந்த வைத்தியம் வேலைக்கு ஆகாது, ஹெச்.265-க்கு மட்டும்தான்.

பி.கு. 2: ரைசன்காரங்க மன்னிக்கணும். உங்க உள்கிராபிக்ஸுக்கும் 4:2:2 தெரியாது.